ஓடிகொலோன்: அசல் எது, நகல் எது?

காய்ச்சல் என்றால் நெற்றியில் ஓடிகொலோன் துணி. 1950, 60களில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அலமாரியின் மேல்தட்டில், அமிர்தாஞ்சனுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பாட்டில் இருக்கும். குழந்தைகள் தொடக்கூடாது. ஜுரம் வந்தால்தான் அது கீழே இறங்கும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, அதில் நாலு சொட்டு விட்டு நெற்றியில் போடுவார்கள். சில்லென்று இருக்கும். எலுமிச்சையும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் ரொட்டியும் பாலும் ஞாபகம் வருகிறது.

‘ஓடிகொலோன்’ என்பது பிரெஞ்சு. ‘கொலோன் ஊர்த் தண்ணீர்’ என்று அர்த்தம். கொலோன் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் ஊர். ஜெர்மன் ஊர்த் தண்ணீருக்கு பிரெஞ்சுப் பெயர், செய்தவரோ இத்தாலியர். பெயரிலேயே இத்தனை குழப்பம் இருக்கும் சரக்கு நகலுக்கு ஆளானதில் ஆச்சரியம் இல்லை. நம் வீட்டு அலமாரியில் இருந்தவை பெரும்பாலும் நகலுக்கு நகல். அதில் தப்பு ஏதும் உண்டா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறேன். 34 வருஷம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன் என்பதால் நடுவில் கொஞ்சம் பாடம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜியோவான்னி மரியா ஃபரீனா 1685-ல் வட இத்தாலியில் சாந்தா மரியா மாஜோரே என்ற மலை ஊரில் பிறந்தவர். கொலோனில் அவருடைய அண்ணன் 1709-ல் கடை வைத்தார். பட்டு, ரிப்பன் போன்ற பகட்டுச் சாமான்கள் விற்கிற கடை. தம்பியும் போய்ச் சேர்ந்துகொண்டார். அவருக்கு மூக்கு அபாரம். பெர்கமாட், எலுமிச்சை, ஆரஞ்சு, ஆரஞ்சுப்பூ போன்றவற்றின் எண்ணெய்களை நல்ல சுத்தமான ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு வாசனைத் தண்ணீர் செய்தார். குடிபுகுந்த ஊருக்கு மரியாதையாக அதன் பெயரையே வைத்தார்.

பெர்கமாட் நம் ஊரில் கிடையாது. இத்தாலியின் தெற்குக் கோடியில் கலாப்ரியா பக்கம் விளையும், நாரத்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான ஒரு பழம். சாப்பிட முடியாது. தோலைப் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள்.

அதற்கு முன்னால் ஐரோப்பியப் பெரிய மனிதர்கள் பூசிக்கொண்டது கஸ்தூரி, புனுகு, அம்பர் மாதிரியான கனமான வாசனைகள். குளிக்காத உடம்பை மூடுவதற்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. ஃபரீனாவின் தண்ணீர் அதற்கு நேர் எதிர், லேசானது. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பழத்தின் எண்ணெய் வருஷத்துக்கு வருஷம் மாறும். மழை அதிகமானால் ஒரு மாதிரி, வெயில் அதிகமானால் ஒரு மாதிரி. அவர் பழைய மாதிரிகளை வைத்துக்கொண்டு, புதுச் சரக்கை அதோடு ஒப்பிட்டு, கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு வருஷமும் ஒரே வாசனை வரும்படி செய்தார். அதாவது அசல் ஃபரீனாவே தன் முந்தைய வருஷத்துத் தண்ணீரை நகல் எடுத்துக்கொண்டிருந்தவர்தான்.

சரக்கு ஓடியது. அரண்மனைகளுக்குப் போயிற்று. உடனே பக்கத்துத் தெருவில் போட்டி முளைத்தது. அந்தக் காலத்தில் வணிகச் சின்னத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் ‘கொலோன் தண்ணீர்’ விற்கலாம். ஆனால் ஜனங்கள் கேட்டது ஃபரீனா தண்ணீர். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பாருங்கள், நம் ஊர் ‘ஒரிஜினல்’ அல்வாக் கடைக்காரர்கள் தோற்றார்கள்! வில்ஹெல்ம் மியூலென்ஸ் என்பவர் 1803-ல், பான் நகரத்தில் இருந்த கார்லோ ஃபிரான்செஸ்கோ ஃபரீனா என்ற ஆளிடம் பெயரை உபயோகிக்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். இந்த ஃபரீனாவுக்கும் வாசனைத் தண்ணீர் ஃபரீனாவுக்கும் உறவே கிடையாது. இத்தாலியில் ஃபரீனா என்றால் மாவு. நம்மூர் செட்டியார், பிள்ளை போல ஏராளமான பேருக்கு அந்தப் பெயர் உண்டு. வாங்கிய பெயரை மியூலென்ஸ் மற்றவர்களுக்கும் விற்றார். கொலோன் முழுக்க ஃபரீனாக்கள் ஆகிவிட்டார்கள்.

வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. ஜெர்மனியில் வணிகச் சின்னச் சட்டம் வந்ததே 1874-ல்தான். 1881-ல் ஃபரீனா என்ற பெயரைப் போடக்கூடாது என்று மியூலென்ஸ் குடும்பத்துக்குத் தீர்ப்பு வந்தது. அவர்கள் தங்கள் வீட்டுக் கதவு எண்ணையே பெயராக வைத்தார்கள். 1794-ல் பிரெஞ்சுப் படை கொலோனைப் பிடித்தபோது வீடுகளுக்கு வரிசையாக எண் போட்டார்கள். குளோக்கன்காஸெ தெருவில் இருந்த அந்த வீட்டுக்குக் கிடைத்தது 4711. நீலமும் தங்கமுமாய் லேபிள் ஒட்டிய அந்த பாட்டிலைத்தான் உலகம் முழுக்க இன்று ‘அசல்’ ஓடிகொலோன் என்று வாங்குகிறார்கள். நகலாக ஆரம்பித்தது அசலாகிவிட்டது. அசல் ஃபரீனா கடையும் அதே ஊரில் இன்னும் நடக்கிறது. வாங்குபவர்களில் பலருக்கு அது தெரியாது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் இதை ‘அற்புதத் தண்ணீர்’ என்ற பொருளில் லத்தீன் பெயரிட்டு, குடிக்கவும் பூசவும் ஏற்ற சர்வரோக நிவாரணியாகவே பலரும் விற்றார்கள். 1810-ல் நெப்போலியன் ஓர் ஆணை போட்டார். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து விற்பவர்கள் அதன் செய்முறையை அரசாங்கத்திடம் தெரிவிக்க வேண்டும். யார் தெரிவிப்பார்கள்? ஒரே இரவில் எல்லோரும் ‘இது மருந்தே இல்லை, வெறும் வாசனைத் தண்ணீர்’ என்று மாறிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் அப்படி மருந்துப் பட்டியலிலிருந்து இறங்கியது, நம் ஊர் மருந்துக் கடையில் மட்டும் நூற்றாண்டு கழித்தும் பாராசிட்டமால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நெற்றி சில்லென்றதற்குக் காரணம் ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான். பெர்கமாட்டுக்கும் ஜுரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த ஸ்பிரிட்டால் வேறு ஒரு கதையும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. பம்பாயிலும் 1949-ல் சட்டம் வந்தது. ஓடிகொலோனில் முக்கால் பங்குக்கு மேல் ஆல்கஹால். அதையும் தடுத்தார்கள். எஃப்.என்.பால்சாரா என்பவர் விஸ்கி, பிராந்தியோடு ஓடிகொலோனையும் லாவெண்டர் தண்ணீரையும் சேர்த்து, ‘இவற்றை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு’ என்று கோர்ட்டுக்குப் போனார். 1951 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. மதுவிலக்கு பொதுவாகச் செல்லும். ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்துகளுக்கும் வாசனைப் பொருட்களுக்கும் போட்ட தடை செல்லாது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்த வழக்கை இன்றைக்கும் படிக்கிறார்கள். மத்திய அரசு 1955-ல் இவற்றுக்கென்றே தனி எக்சைஸ் சட்டம் கொண்டு வந்தது. அந்தக் காலத்து ‘தாகசாந்தி’க்காரர்கள் ஓடிகொலோனைச் சோடாவில் கலந்து குடித்த கதைகள் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். பெயர் சொல்ல வேண்டாம்.

இப்போது பாடம். ஃபரீனா காலத்தில் நகல் எடுக்க வேண்டுமானால் அதே எண்ணெயை வாங்க வேண்டும். அதனால் நகலும் மலிவாக இல்லை. இதை மாற்றியது 19-ம் நூற்றாண்டு ரசாயனம். ஊதாச் சாயத்தை 18 வயதில் கண்டுபிடித்த அதே வில்லியம் பெர்கின், 1868-ல் புதிதாய் வெட்டிய புல்லின் வாசனை தரும் கூமரினை ஆய்வுக்கூடத்தில் செய்தார். 1874-ல் டீமான், ஹார்மான் என்ற இரு ஜெர்மானியர்கள் வெனிலினைச் செய்தார்கள். 1893-ல் வயலெட் பூவின் வாசனை. நடுவில் 1888-ல் ஆல்பர்ட் பவுர் என்பவர் வெடிமருந்து தேடப் போய்க் கஸ்தூரியைக் கண்டுபிடித்தார்! டி.என்.டி. குடும்பத்து மூலக்கூறுகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது ஒன்று வெடிக்காமல் மணத்தது. அதுவரை கஸ்தூரிக்கு ஆண் கஸ்தூரி மானைக் கொல்ல வேண்டும். ஒரு மானிடம் கிடைப்பது சில பத்து கிராம். தங்கத்துக்கு நிகரான சரக்கு சோப்புக் கட்டியில் போடும் விலைக்கு வந்துவிட்டது. ஏழைக்கும் வாசனை என்ற நிலை அப்போதுதான் ஆரம்பம். மலிவான ரசாயனத்தைத் திட்டுகிறவர்கள் அந்த மான்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

1952-ல் கேஸ் குரோமடோகிராஃபி வந்தது. ஒரு சொட்டு சென்ட்டை உள்ளே விட்டால் அதில் உள்ள பொருட்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து வரிசையாய் வெளியே வரும். எது எவ்வளவு என்று கிட்டத்தட்ட தெரிந்துவிடும். பெரிய கம்பெனிகள் வெளியே விற்காமல் தங்களுக்கே வைத்துக்கொண்ட சில மூலக்கூறுகளைத் தவிர, மற்றதைக் கடையில் வாங்கிக் கலந்துவிடலாம். அப்புறம் கோர்ட்டுகளுக்கு வேலை வந்தது.

அமெரிக்காவில் ஸ்மித் என்ற வியாபாரி, 25 டாலர் விற்ற ஷனேல் நம்பர் 5-க்கு நகலை 7 டாலருக்கு ‘செகண்ட் சான்ஸ்’ என்ற பெயரில் விற்றார். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா என்று சவால் விட்டு விளம்பரம் வேறு. 1968-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேடென்ட் இல்லாத வாசனையை நகல் எடுப்பது குற்றமில்லை, எதன் நகல் என்று பெயர் சொல்லி விற்பதும் குற்றமில்லை, சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்றது. பிறகு கீழ்க்கோர்ட்டில் இரண்டையும் பரிசோதித்ததில் சவால் தோற்றது. இரண்டும் ஒன்றல்ல என்று தீர்ப்பாயிற்று. ஐரோப்பிய நீதிமன்றம் 2009-ல் வேறு வழியில் போயிற்று. லோரியால் தொடுத்த வழக்கில், ‘எங்கள் சரக்கு இன்ன பிராண்டுக்கு ஈடு’ என்று பட்டியல் போட்டு விற்பதே, உண்மையாக இருந்தாலும், பிறர் புகழில் குளிர்காய்வது என்றது. வாசனை யாருடைய சொத்து என்பதிலும் ஒற்றுமை இல்லை. 2006 ஜூன் 13-ந் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றம் வாசனைக்குக் காப்புரிமை கிடையாது என்றது. மூன்றே நாள் கழித்து, 16-ந் தேதி, ஹாலந்தின் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. ரயிலில் சில மணி நேரப் பயணம்தான் இரண்டு ஊருக்கும்.

எனக்கு அமெரிக்கத் தீர்ப்புதான் நியாயமாகப் படுகிறது. 140 ரூபாய் கொடுப்பவனுக்கு, தான் வாங்குவது எதன் சாயல் என்று தெரியவேண்டாமா? மூக்குக்குச் செய்யும் நகல் வேறு, லேபிளுக்குச் செய்யும் நகல் வேறு. முதலாவது வியாபாரம், இரண்டாவது திருட்டு. கொலோன் ஊர்க்காரர்கள் நூறு வருஷம் சண்டை போட்டதும் பெயருக்காகத்தான், வாசனைக்காக அல்ல.

சரி, நகலை எப்படி எடைபோடுவது? போன மாசம் என் மருமகன் ஜெர்மனியிலிருந்து ஒரு 4711 பாட்டில் கொண்டு வந்தார். திருச்சி மருந்துக் கடையில் உள்ளூர் ஓடிகொலோன் ஒன்று 140 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய பழக்கம், ஃபில்ட்டர் பேப்பரைப் பட்டையாய் வெட்டி, இரண்டிலும் முனையை நனைத்து, பென்சிலால் நேரம் எழுதிச் செருகி வைத்தேன். கையில் ஆளுக்கு ஒரு பக்கம். கைக்குட்டையிலும் ஒவ்வொரு சொட்டு.

முதல் நிமிஷம் எதையும் முகராதீர்கள், அப்போது வருவது ஸ்பிரிட். ஐந்து நிமிஷத்தில் ஜெர்மன் பாட்டிலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி, பின்னால் ஆரஞ்சுப்பூவின் லேசான கசப்பு. உள்ளூர்ச் சரக்கில் எலுமிச்சை உண்டு, கசப்பு இல்லை. ஆரஞ்சு மிட்டாய்தான் ஞாபகம் வந்தது. வித்தியாசம் தெரிகிறது, ஆனால் கேவலம் என்று சொல்லமாட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஜெர்மன்காரர் கையிலிருந்து காணாமல் போய்விட்டார். உள்ளூர்க்காரர் சாயங்காலம் வரை இருந்தார், மறுநாள் காலையில் கைக்குட்டையிலும் இருந்தார்.

நம் ஜனங்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வியே ‘எவ்வளவு நேரம் நிக்கும்?’ என்பது. அந்தக் கணக்குப்படி 140 ரூபாய் ஜெயித்துவிட்டது. ஆனால் ஓடிகொலோனுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. பழத்தோல் எண்ணெய்களின் மூலக்கூறுகள் சிறியவை, ஓடிவிடும். அது அவற்றின் சுபாவம். கொலோன் தண்ணீர் சாயங்காலம் வரை நிற்கிறது என்றால் அடியில் வேறு எதையோ கட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் கைக்குட்டையை முகர்ந்தபோது என்னவென்று தெரிந்தது. துணி சோப்புப் பவுடரின் வாசனை. செயற்கைக் கஸ்தூரி வகை, பெரிய மூலக்கூறு, லேசில் போகாது. எலுமிச்சை எப்போதோ போய்விட்டது, மிச்சம் நின்றது அதுதான்.

இந்த இடத்தில் நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வயதாக ஆக மூக்கு மங்கும். தவிர, இந்தக் கஸ்தூரி வகையில் சிலது சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது, இளைஞர்களுக்கும்தான். போட்டுக்கொண்டவருக்கு மூக்கு பழகிவிடும் என்பது வேறு. அதனால் ‘போயிடுச்சு’ என்று மறுபடி அடித்துக்கொள்வதற்கு முன் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். மத்தியானம் நான் கையை நீட்டிக் கேட்டபோது, “இன்னும் அப்படியேதான் இருக்கு. போய்க் கையைக் கழுவிட்டு சாப்பிட வாங்க” என்றாள் என் மனைவி. நடுநடுவே காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு சரியாகும் என்பார்கள். வாசலில் போய் நின்று இரண்டு மூச்சு விட்டால் போதும்.

இயற்கைதான் உடம்புக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்கும் பதில் பெர்கமாட்டிலேயே இருக்கிறது. பிழிந்த பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கறுத்துவிடும். கழுத்தில் சொட்டு வழிந்த தடத்திலேயே கறுப்பு விழும், மாதக்கணக்கில் போகாது. தோல் டாக்டர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் பெரும்பாலும் உபயோகிக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு, ரசாயன எலுமிச்சை ஒருவிதத்தில் உத்தமம். ரசாயனம் எல்லாம் சாது என்றும் சொல்லவில்லை. பவுரின் கஸ்தூரிக்குப் பின் வந்த அந்த வகையறாவில் ஒன்றிரண்டைத் தோலுக்கும் நரம்புக்கும் ஆகாது என்று பிறகு ஒதுக்கிவிட்டார்கள். எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

‘எவ்வளவு நேரம் நிக்கும்?’ என்ற கேள்வி சரியாகப் பொருந்துவது அத்தருக்கு. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜில், செப்புப் பானையில் பூவைப் போட்டுத் தண்ணீரில் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செப்புக் குடத்துக்குள் விடுவார்கள். அந்தக் குடத்தில் காத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் வாசனையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தனத்தின் மூலக்கூறு கனமானது, மெதுவாகத்தான் போகும், போகும்போது பூவையும் மெதுவாகவே விடும். ஆனால் சந்தனம் இன்று விற்கும் விலையில் அது நடக்குமா? 1792-ல் திப்பு சுல்தான் ராஜமரம் என்று அறிவித்ததிலிருந்து இருநூறு வருஷம் அது அரசாங்க மரம். பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் நிலத்துக்காரனுக்குச் சொந்தமில்லை. அதனால் யாரும் நடவில்லை, இருந்ததைத் திருடினார்கள். சத்தியமங்கலம் காட்டுக் கதை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இப்போது குடத்தில் பல இடங்களில் இருப்பது லிக்விட் பாரஃபின், அல்லது பிளாஸ்டிக்கை இளக்குவதற்குப் போடும் எண்ணெய் வகை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நல்ல சந்தன எண்ணெய், ஐந்து பங்கு 70 சதவீத ஆல்கஹாலில் தெளிவாகக் கரையும். பாரஃபின் கரையாது, சமையல் எண்ணெயும் கரையாது. கலங்கிவிடும். எல்லாக் கலப்படத்தையும் இது பிடிக்காது, சாதாரணமானதைப் பிடித்துவிடும். பெரிய கடை வீதியில் நூறு ரூபாய்க்குச் சின்னக் குப்பி சந்தன அத்தர் வாங்கி வந்து பழைய சகா ஒருவரின் லேபில் செய்து பார்த்தேன். டெஸ்ட் டியூப் மோர் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த தடவை போனபோது கடைக்காரரிடமே சொன்னேன். பல வருஷப் பழக்கம், கோபித்துக்கொள்ளவில்லை.

“சார், நூறு ரூபாய்க்குச் சந்தன எண்ணெய் யார் சார் குடுப்பாங்க? குப்பியைப் பாருங்க, சந்தன வாசனைன்னுதான் போட்டிருக்கு.”

“அப்ப நிஜ எண்ணெய் இல்லையா பாய்?”

மேஜைக்கு உள்ளேயிருந்து பூட்டின டப்பாவைத் திறந்து, சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்றை எடுத்தார். மூடியை மட்டும் என் புறங்கையில் தேய்த்தார். விலை கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். அன்று ராத்திரி படுக்கப் போகும்போதும் புறங்கையில் அது இருந்தது.